கொத்மலைக்கு வானொலி கொண்டு வந்த இணையம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவையைத் தாண்டியதும் பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாழ்ந்தவர்கள் 1990களின் கடைசியில் கணினியின் விசைப்பலகையைத் தொடாமலே இணையத்தைப் பயன்படுத்தினார்கள். கேள்வியைத் தபாலட்டையில் எழுதி அனுப்புவார்கள், இல்லையென்றால் தொலைபேசியில் சொல்வார்கள். உள்ளூர் வானொலி நிலையத்தில் இருப்பவர் அதை இணையத்தில் தேடி, கிடைத்ததை அவர்கள் பேச்சுக்கு மாற்றி ஒலிபரப்புவார். பேஸ்புக் பிறக்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. கூகுள் அப்போதுதான் பிறந்திருந்தது.

எண்மத் திறனைக் கற்பிக்காத மக்கள் தொடர்புத் துறை இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லாது. சமூக ஊடகத்தை எப்படி நடத்துவது, காணொளியை எப்படித் தொகுப்பது, நெருக்கடி வந்தால் நிறுவனம் இணையத்தில் எப்படிப் பேசுவது என்று பாடத்திட்டங்கள் நீள்கின்றன. அவற்றில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கம்பனிகளுடையவை. கண்டிச் சீமை என்ற இந்த மலைநாட்டிலேயே கொத்மலையில் நடந்து முடிந்த பெரிய பரிசோதனை அங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, இந்த மலைகளில் யார் யாரிடம் பேசினார்கள் என்ற பழைய கதைக்குப் போக வேண்டும்.

விளம்பரம் மலைக்குப் புதிதல்ல. புசல்லாவையில் 1841 அளவில் கோப்பித் தோட்டம் திறந்த மொரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள், ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பமான ரொத்சைல்டுகளுக்குச் சகோதரி வழி உறவினர்கள். தோட்டத்துக்கு வைத்த பெயரும் ரொத்சைல்ட்தான். காட்டை வெட்டித் திருத்திய மலைச்சரிவு ஒன்று, பெயர் ஒன்றாலேயே லண்டனில் நம்பிக்கை பெற்றது. இதைவிட மலிவான மக்கள் தொடர்பு வேலை இருக்க முடியாது. சீனத் தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து அங்கே நட்டும் பார்த்தார்கள். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வணிகப் பயிராக்குவதற்குக் கால் நூற்றாண்டு முந்தியது அது. செலவு கட்டுப்படியாகாததால் கைவிடப்பட்டது.

கோப்பியை இலைத்துரு நோய் அழித்த பின் தேயிலை எழுந்தது. அதை உலகுக்கு விற்றவர்கள் பிரசாரத்தில் கைதேர்ந்தவர்கள். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்துக்கும் தேநீர்க் குவளைக்கும் நடுவே இடைத்தரகனே இல்லை என்பதையே தன் விளம்பரமாக்கினார். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலைக்குத் தனி அரங்கே இருந்தது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபை 1932இல் அமைந்தது. அதன் ஆதரவில் பாசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படம் 1934இல் வந்தது. உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படும் படம் அது. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். அவரும் அவரது சகாக்களும் பிரிட்டிஷ் அரசு நிறுவனங்களுக்காக வளர்த்தெடுத்த கலைதான் பின்னாளில் நிறுவன ஆவணப்படம் என்ற துறையாகப் பல்கலைக்கழக வகுப்புகளுக்குள் நுழைந்தது.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் சுவரொட்டிகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் உலகைச் சுற்றியது. அந்தப் பெண்ணுக்கு வந்து சேர்ந்த செய்திகளோ வேறு வகையானவை. விடியற்காலைத் தப்பொலி, பெரட்டுக் களத்தில் பெயர் வாசிப்பு, துரையின் உத்தரவைக் கங்காணி வாய்வழி கேட்பது என்று எல்லாமே மேலிருந்து கீழே இறங்கின. எழுத்தில் கிடைத்தவற்றுள் மிகவும் அஞ்சப்பட்டது ‘துண்டு’. தொழிலாளியின் கடன் எவ்வளவு, எந்தத் தோட்டத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று சொல்லும் சீட்டு அது. துண்டு இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. ஓர் ஆளைப் பற்றி எழுதி, அவராலேயே படிக்க முடியாத ஆவணத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பிய ஏற்பாடு!

கீழிருந்து மேலே பேசும் வழியைத் திறந்தவர் கோ.நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத அக்காலத்தில் அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனதாக மலையக வரலாற்றெழுத்தில் பதிவாகியிருக்கிறது. மலையக எழுத்தாளர் சாரல்நாடன் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். நடேசய்யரின் ‘தேசபக்தன்’ பத்திரிகை 1924இல் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில், 1923இல், நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பெர்னேஸ் மக்கள் தொடர்பைத் தனிப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பெர்னேஸ் வகுப்பில் விளக்கிய பலவற்றை நடேசய்யர் களத்தில் செய்துகொண்டிருந்தார். பத்திரிகை, துண்டுப்பிரசுரம், சட்டசபைப் பேச்சு என்று எந்த ஊடகத்தையும் அவர் விடவில்லை. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகையைவிடப் பாட்டு வேகமாகப் போய்ச் சேரும் என்பதை அந்தத் தம்பதி அறிந்திருந்தார்கள்.

புண்டலுஓயா மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை வேறொரு திசையைத் தேர்ந்தார். தொழிலாளர் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதினார். மலையகத்தைப் பற்றி முடிவெடுத்தவர்கள் படித்த மொழி அதுதான். யாரிடம் பேச வேண்டுமோ அவர் மொழியில் பேசு என்பது இன்றைய மக்கள் தொடர்புப் பாடநூல்களின் முதல் அத்தியாயம்.

இவர்கள் யாரும் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் படித்தவர்கள் அல்லர். படிக்க விரும்பியிருந்தாலும் இடம் இருந்ததில்லை. பேராதனை வளாகத்துக்கு இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இடம்பெயர்ந்தபோது, அருகிலிருந்த தோட்டங்களின் பிள்ளைகளுக்கு அது எட்டாத உயரம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1940களின் இலவசக் கல்வித் திட்டம் தோட்டப் பாடசாலைகளை விட்டுவிட்டே நடைபோட்டது. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதே பத்தாண்டில்தான் களனியில் வெகுசனத் தொடர்பாடல் ஒரு பல்கலைக்கழகப் பாடமாக வளர்ந்தது. புசல்லாவைப் பிள்ளைகளுக்கு மேல்வகுப்புக்குச் சரஸ்வதி போன்ற பாடசாலைகள் கிடைத்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்கள் கணிசமாவதற்கு இன்னும் நாளானது.

இந்த இடைவெளிக்குள்தான் கொத்மலை வருகிறது.

மகாவலித் திட்டத்தில் கொத்மலை ஓயாவின் குறுக்கே சுவீடனின் உதவியோடு அணை எழுந்தது. 1980களின் நடுவில் நீர் நிறைந்தபோது வயலும் விகாரையும் ஊரும் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மகாவலித் திட்டத்தால் இப்படிக் குடிபெயர்க்கப்பட்டோருக்காகவே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், யுனெஸ்கோவும் டென்மார்க்கின் டனிடாவும் துணைநிற்க, 1980களின் தொடக்கத்தில் மகாவலி சமூக வானொலியைத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் கொழும்பிலிருந்து நாடா அனுப்பிவிட்டு இருக்கவில்லை. கிராமத்தில் சில நாட்கள் தங்கி, ஊராரையே பேசவைத்துப் பதிந்தார்கள். அந்த வழியில் உருவான சிறு நிலையங்களில் ஒன்று 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி. மலை மறைக்காத ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஆரத்துக்கு அதன் ஒலி கேட்கும். கம்பளை, நாவலப்பிட்டி நகரங்களும் பல பத்துக் கிராமங்களும் அதற்குள் அடங்கின.

1998இல் யுனெஸ்கோ அங்கே இணையத்தைக் கொண்டுவந்தது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் ஊடக அமைச்சும் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவும் கொழும்புப் பல்கலைக்கழகமும் கூட்டாளிகள். நிலையத்துக்கு 64 கிலோபிட் வேகத்தில் தனி இணைப்பு கிடைத்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் 4 மெகாபைட் படம் ஒன்றை அந்த இணைப்பில் இறக்க எட்டு நிமிடத்துக்கு மேலாகும். இருந்தும் அந்தப் பிரதேசத்துக்கு அது பெரிய வாசல். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. காசில்லாமல் யாரும் பயன்படுத்தலாம்.

இத்திட்டத்தின் உயிர் ‘வானொலி உலாவல்’ என்ற நிகழ்ச்சி. அது நடந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு விவசாயி பயிர் நோயைப் பற்றிக் கேட்கிறார், ஒரு தாய் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பாளர் முதலில் அந்தக் கேள்வியைத் தேடக்கூடிய சொற்களாக்குகிறார். கிடைத்த பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றை அப்படியே வாசித்தால் யாருக்கும் பயன் இல்லை. அதனால் துறை அறிந்த ஒருவர், மருத்துவரோ விவசாய உத்தியோகத்தரோ, ஒலிவாங்கிக்கு முன் உட்காருகிறார். இது நம் ஊர் மண்ணுக்குப் பொருந்துமா, இந்த மருந்து கம்பளைக் கடையில் கிடைக்குமா என்று இருவரும் பேசிப் பேசியே விடையை உண்டாக்குகிறார்கள். மறுபடி அதே கேள்வி வந்தால் உதவட்டும் என்று தகவலைச் சேமித்தும் வைக்கிறார்கள்.

இன்றைய எண்ம மக்கள் தொடர்பு வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைவிட வேறா என்ன? கேட்பவர் யாரென்று அறிவது, தேடுவது, சரிபார்ப்பது, அவர் மொழிக்கு மாற்றுவது, ஆவணப்படுத்துவது, அவர் திருப்பிக் கேட்பதற்கு இடம் வைப்பது. கொத்மலை நிலையத்தில் தன்னார்வலர்களாக இருந்த பிள்ளைகள் இதையெல்லாம் வேலை செய்துகொண்டே பழகினார்கள். சிலர் இணையப் பக்கம் வடிவமைக்கவும் கற்றார்கள். கற்பித்தவர் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தன்னார்வலர்தான்.

உலகமே இதைப் பார்க்க வந்தது. யுனெஸ்கோ கொத்மலையை முன்மாதிரியாக்கிச் சமூக பல்லூடக மையங்கள் என்ற திட்டத்தை ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் விரித்தது. ஜோ டாக்கி, டொன் ஸ்லேட்டர், பீட்டர் லூயிஸ் ஆகிய ஆய்வாளர்கள் இங்கே களப்பணி செய்து, மானிடவியலின் உற்றுநோக்கலையும் திட்டத்தை நடத்தும் வேலையையும் பின்னிய ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தார்கள். வளர்ச்சித் தொடர்பாடல் படிக்கும் மாணவர்கள் அந்த முறையை இன்றும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில்கிறார்கள். 2000களின் நடுவில் நிலையம் இன்னொரு படி போனது. மடிக்கணினி, அச்சுப்பொறி, கமரா, கம்பியில்லா இணைப்பு, கூரையில் ஒலிபெருக்கி இவையெல்லாம் ஏற்றிய ஒரு முச்சக்கர வண்டி ஊர் ஊராகப் போயிற்று. ‘ஈ-டுக்டுக்’ என்று அதற்குப் பெயர். நிலையத்துக்கு வர முடியாதவரைத் தேடி நிலையமே போகும் ஏற்பாடு அது.

பாராட்டை இதோடு நிறுத்தலாம். இந்த வானொலி அரசுக் கூட்டுத்தாபனத்தின் சொத்து. உரிமம் ஊர்மக்கள் கையில் இருந்ததில்லை. அரசியல் பேச்சுக்கு அங்கே இடமும் இல்லை. பயிர் நோயைப் பற்றிக் கேட்கலாம், அணைக்காக இழந்த நிலத்தின் இழப்பீட்டைப் பற்றிக் காரசாரமாய்க் கேட்க முடியாது. அறிவியல் எழுத்தாளர் நாலக குணவர்த்தன போன்றோர், இதைச் சமூக வானொலி என்று அழைப்பதே பொருந்தாது என்று நீண்டகாலம் வாதிட்டு வந்திருக்கிறார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு குறை உறைக்கும். நிலையத்தைச் சுற்றியுள்ள மலைகளில் லயம் லயமாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. ஒலிபரப்பின் முதன்மை மொழியோ சிங்களம். புசல்லாவையிலும் இறம்பொடையிலும் அந்த அலைவரிசையைத் திருப்பியவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் கேள்வியைத் தங்கள் மொழியில் கேட்டு, அதே மொழியில் விடை பெறும் வசதி இருக்கவில்லை. உலகம் கொண்டாடிய மாதிரி, எதிர்ச்சரிவுக்கு முழுதாய்ப் போய்ச் சேரவில்லை.

தொழில்நுட்பத்தையும் குற்றம் சொல்ல வேண்டும். அன்றைய தமிழ் இணையம் எழுத்துரு யுத்தகளம். இலங்கையில் பாமினி, தமிழ்நாட்டில் வேறு பல. எழுதியவரின் எழுத்துரு வாசிப்பவரின் கணினியில் இல்லாவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்தது. யுனிகோடு பரவி இந்தச் சிக்கல் அடங்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. 1998இல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தது. ஆகவே கொத்மலையில் ஒருவர் தமிழில் தேடியிருந்தால் இலக்கியம் கிடைத்திருக்கலாம். தேயிலைச் செடியின் கொப்புள நோய்க்கோ அட்டைக் கடிக்கோ தமிழில் ஒரு வரி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அடித்தளம் பிறகு மெல்ல மெல்ல வந்தது. 2005இல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் மலையக ஏடுகளையும் எண்மப்படுத்தத் தொடங்கியது. 2010இல் ‘.இலங்கை’ என்ற தமிழ் ஆள்களப் பெயர் நடைமுறைக்கு வந்தது.

பல்கலைக்கழகங்களும் இக்காலத்தில் அசைந்தன. இலங்கைப் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் தலைமையகம் பேராதனையிலேயே இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடம் அமைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஊடகக் கற்கையை வளர்த்தது. தமிழ்மொழியில் தொடர்பாடல் படிக்கும் வழி இப்படித் திறந்தது. இந்த இரண்டு இடங்களும் மலையகத்திலிருந்து நெடுந்தூரம். மலையக மாணவர் ஒருவர் மக்கள் தொடர்பைத் தன் மொழியில் பட்டத்துக்குப் படிக்க விரும்பினால் இப்போதும் மலையிறங்கி வடக்கோ கிழக்கோ போகத்தான் வேண்டும்.

கொரோனா காலத்தில் லேர்ன் வழியாகப் பல்கலைக்கழக வகுப்புகள் இணையத்துக்கு மாறின. பாடசாலைகளும் கைப்பேசிக்குப் போயின. 2021இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்து மாணவர்களும் ஆசிரியர்களும் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலக ஊடகங்களில் வந்தது. 64 கிலோபிட் இணைப்பு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் மலைநாட்டின் நிலை அதுதான்.

ஆனால் பாடத்திட்டத்துக்காக மலையக இளைஞர் காத்திருக்கவில்லை. 2018 ஒக்டோபர் 24 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டு, தோட்டத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 1000 ரூபா சம்பளம் கேட்டார்கள். தொழிற்சங்க மேடை எதுவும் அழைத்து வந்த கூட்டமல்ல அது. பேஸ்புக் வழியாக அழைப்பு பரவியது. கொழும்புக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலோர். அந்த 1000 ரூபா 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறியது. அதற்குக் காரணங்கள் பல. ஒரு நாள் கூட்டத்தின் கணக்கில் அதை எழுதிவிட முடியாது. என்றாலும் தங்கள் பிரச்சினையைக் கொழும்பின் நடுவில் தாங்களே வைக்கத் தெரிந்த தலைமுறை அன்று நாட்டுக்குத் தெரிந்தது.

அடுத்தது 2023. முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, அவர்கள் கரையேறிய தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் முடிந்தது. நடந்தவர்களின் பேச்சும் படமும் நாளுக்கு நாள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. நடேசய்யரின் பத்திரிகையும் மீனாட்சி அம்மாளின் பாட்டும் சி.வி.யின் ஆங்கிலமும் செய்த வேலைகளை இம்முறை கைப்பேசிகள் செய்தன. மூன்று மொழி வாசகரையும் கணக்கில் வைத்தது இதன் சிறப்பு. கொத்மலை கோட்டைவிட்டதும் அதைத்தான்.

தொடர்பாடல் துறைகளில் பாடத்திட்டம் எழுதுவோர் இனி வெளிநாட்டுக் கம்பனிகளின் நெருக்கடிக் கதைகளோடு இவற்றையும் சேர்க்க வேண்டும். கொத்மலையின் உலாவல் நிகழ்ச்சி எப்படி நடந்தது, தமிழ் எங்கே விடுபட்டது, காலிமுகத்திடல் அழைப்பு எப்படிப் பரவியது, நடைபயணத்தின் செய்திகள் மும்மொழியில் எப்படித் தயாராயின என்று மாணவர் ஆராயட்டும். நிலையத்தில் வேலை செய்தவர்களும், கடிதம் போட்டுக் கேள்வி கேட்டவர்களும், கேட்க முடியாமல் போன தோட்டத்து மக்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேராதனையிலிருந்து புசல்லாவைக்குப் பேருந்தில் ஒரு மணிநேரச் சொச்சம்தான். ஒலிப்பதிவுக் கருவியோடு மாணவர்களை அங்கே அனுப்பும் வேலையை ஏதாவது ஒரு துறை இந்த ஆண்டே தொடங்கலாம்.